எல்ஃபைண்டர்: தமிழ்ப் பெயர்களோடு பழகத் தெரிந்த கோப்பு உலாவி

வலைச் செயலி ஒன்றுக்குள், கோப்புகளை ஏற்றவும் பார்க்கவும் பெயர் மாற்றவும் உதவும் கோப்பு உலாவி அமைக்க எல்ஃபைண்டர் என்ற மென்பொருள் நல்லதா என்று கேட்பவர்களிடம், உங்கள் கோப்புகளுக்குப் பெயர் வைக்கப்போவது யார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். நிரலர்கள் மட்டும் என்றால் எதை அமைத்தாலும் ஓடும். அவர்கள் இடைவெளிகூட விடாமல், சின்ன ஆங்கில எழுத்துகளில், ஆண்டை முன்னால் போட்டு ஒழுங்காகப் பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 'ஸ்ரீ முருகன் கோயில் திருப்பணி – மாணவர் வருகை (பழைய படம்) 2' என்று முழு வாக்கியமாகப் பெயர் வைத்து இருபது படங்களை இழுத்துப் போடுவார் என்றால், உலாவியின் உண்மையான தரம் அப்போதுதான் வெளிப்படும். இந்த மதிப்புரையில் எல்ஃபைண்டரை அந்தச் சோதனையில்தான் நிறுத்தியிருக்கிறேன்.

நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜார்ஜ்டவுனில் இருந்துகொண்டு தமிழ்ப் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் வலைத்தளங்கள் செய்து கொடுப்பவள். பினாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆவணக் காப்பகத்துக்காக எல்ஃபைண்டரை அமைத்தேன். ஆண்டு மலர்கள், பரிசளிப்பு விழாப் படங்கள், பள்ளி மேலாளர் வாரியத்தின் கூட்டக் குறிப்புகள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கணக்குகள், 2021-இல் ரத்தாகும்வரை நடந்துவந்த யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வின் பழைய முடிவுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கிய மாநிலம் இது. இருநூறு ஆண்டைக் கடந்த கல்வி வரலாற்றில் எத்தனை காகிதங்கள் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். எஞ்சியிருப்பதையாவது கணினியில் ஏற்றி, தேடினால் கிடைக்கும்படி வைக்க வேண்டும்.

பயன்படுத்துபவர்கள் மூன்று வகை. பள்ளிக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், மலாயில் பெயர் வைப்பார். கூட்டக் குறிப்பு என்றால் அவருக்கு 'மினிட் மெஷுவாராட்'. வாரியச் செயலாளர் ஆங்கிலத்தில் வைப்பார். டீச்சர் ஒருவர் இருக்கிறார், ஓய்வுக்குப் பிறகும் பள்ளிக்கு வந்து பழைய படங்களில் யார் யார் என்று எழுதிவைப்பவர். அவர் தமிழில் மட்டும்தான் வைப்பார். மூவருக்கும் ஒரே கோப்புறைதான்.

எல்ஃபைண்டர் என்பது ஸ்டுடியோ 42 தொடங்கிய திறமூல மென்பொருள். ஆப்பிள் கணினியின் ஃபைண்டரிலிருந்து தூண்டுதல் பெற்றது. வலை உலாவியில் ஓடும் பகுதி ஜாவாஸ்கிரிப்டில், ஜேகுவரி யூஐ நூலகத்தின் மேல் எழுதப்பட்டது. சர்வரில் ஓடும் பகுதியை இணைப்பான் என்கிறேன். அதிகாரபூர்வ இணைப்பான் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இருக்கிறது. உரிமம் பிஎஸ்டி வகை என்பதால் கட்டணம் இல்லை. வணிகச் செயலிக்குள்ளும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பிஎச்பி என்றதும் முகம் சுளிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் பள்ளிகளும் கோயில்களும் வாங்கி வைத்திருப்பது ஆண்டுக்கு இவ்வளவு ரிங்கிட் என்று கட்டும் சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங். அங்கே தடையில்லாமல் ஓடுவது பிஎச்பிதான். தனிச் சர்வர் எடுத்து, அதைப் பராமரிக்க ஆள் வைத்து, மாதாமாதம் பணம் கட்டுங்கள் என்று ஒரு வாரியத்திடம் சொன்னால் திட்டமே நின்றுவிடும்.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய கணினியின் சன்னல் மாதிரி இருக்கிறது: இடப்பக்கம் கோப்புறை மரம், வலப்பக்கம் படங்களாகவோ பட்டியலாகவோ கோப்புகள், மேலே பொத்தான்கள். இன்றைய வடிவமைப்பாளர்களுக்குப் பிடிக்காது. ஆனால் டீச்சர் முதல் நாளே இயல்பாகக் கையாண்டார். விண்டோஸில் பல ஆண்டு பழகிய கைகளுக்கு வலச்சொடுக்கில் பட்டியல் வரும், எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றலாம், படத்தைத் தேர்ந்து இடைவெளிப் பொத்தானை அழுத்தினால் பெரிதாகத் தெரியும் என்பதெல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கின்றன. வலைச் செயலிக்கென்று புதிய பழக்கங்களைக் கண்டுபிடித்து முதியவர்களை அலைக்கழிக்கும் இடைமுகங்களை விட இந்தப் பழைய முகம் எனக்கு ஆயிரம் மடங்கு மேல். பொத்தான்களின் பெயர்கள் எல்லாம் ஒரே மொழிக்கோப்பில் இருப்பதால் நமக்கு வேண்டிய சொற்களை எழுதிக்கொள்ளலாம். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் பட்டியலின் அகலத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இனி பெயர்களுக்கு வருகிறேன்.

'கோயில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியீட்டு எண் தரும் யூனிகோடில் அதன் முதலெழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தால் மொத்தம் இரண்டு குறியீடுகள். ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று பிரித்து அடுக்கினால் மூன்று. திரையில் இம்மியளவும் வேறுபாடு தெரியாது. பழைய ஆப்பிள் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. விண்டோஸ் தனக்கு எப்படி வந்ததோ அப்படியே வைத்துக்கொள்ளும். லினக்ஸ் சர்வருக்கோ பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. பைட்டு வேறுபட்டால் பெயரே வேறு. ஆகவே ஆப்பிள் கணினியிலிருந்து வந்த 'கோயில்' கோப்புறையும் விண்டோஸிலிருந்து வந்த 'கோயில்' கோப்புறையும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எல்லா உயிர்மெய்களுக்கும் இதே கதைதான். பொங்கல், தோட்டம், சோறு, மொழி என்று நம் வாழ்க்கையில் பாதி இந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

எல்ஃபைண்டருக்கு முன்பு அந்தப் பள்ளி வேறொரு சேவையில் படங்களை வைத்திருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். அதில் டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏம்மா, பொங்கல் விழா என்று இரண்டு கோப்புறை இருக்கிறதே. ஒன்றில் படம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எதை நான் அழிப்பது? தேடினால் காலியாக இருப்பதுதான் வருகிறது."

"ஒன்றையும் அழிக்காதீர்கள் டீச்சர். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்."

"எனக்கு ஒரே பெயராகத்தானே தெரிகிறது?"

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கோப்பு உலாவிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்ஃபைண்டரில் இதற்கென்றே 'நார்மலைசர்' என்ற நீட்சி, அதாவது துணை நிரல், கூடவே வருகிறது. கோப்பு ஏறும்போதும், புதிய கோப்புறை திறக்கும்போதும், பெயர் மாற்றும்போதும் அது இடையில் புகுந்து பெயரைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. இயல்பிருப்பில் அது இயங்காது. இணைப்பானின் அமைப்பில் எந்தெந்தச் செயல்களுக்கு முன் அது ஓட வேண்டும் என்று நாமே எழுத வேண்டும். சர்வரில் பன்மொழி வேலைகளுக்கான பிஎச்பியின் இன்ட்ல் நீட்சி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே சர்வரில் கிடக்கும் பழைய கோப்புகளை அது தொடுவதில்லை என்பதால் அவற்றுக்கு ஒருமுறை தனி நிரல் ஓட்டினேன். தேடல் பெட்டியில் தட்டும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஒரு வரி போதும். இந்த மூன்றும் முடிந்த பிறகு, இரட்டைக் கோப்புறை என்ற பேச்சே பள்ளியில் எழவில்லை. கோப்பு உலாவிகளை ஒப்பிடும் கட்டுரைகளில் இந்த அம்சத்தை யாரும் குறிப்பிடுவதில்லை. எனக்கோ இதற்காகவே எல்ஃபைண்டரைப் பிடித்துப்போயிற்று.

ஆனாலும் இந்த நீட்சி எட்டாத இடங்கள் உண்டு. 'ஸ்ரீ' என்பதைப் பலர் ஸகரத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். சில விசைப்பலகைகள் 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குகின்றன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஆனால் யூனிகோட் இவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. எனவே நார்மலைசரும் கருதாது. கோயில் பெயர்களில் பாதி 'ஸ்ரீ' என்று தொடங்கும் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. ஔவையாரை ஔகாரத்தில் எழுதுபவரும் உண்டு, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' ஆக்குபவரும் உண்டு. இவற்றுக்கு நானே ஒரு சிறு மாற்று அட்டவணை எழுதி நார்மலைசருக்கு அடுத்துக் கோத்தேன். எல்ஃபைண்டரின் இணைப்பான் ஒவ்வொரு செயலுக்கு முன்னும் பின்னும் நம் நிரலை அழைக்க இடம் தருகிறது. அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் இது முடிந்தது.

பெயரில் எந்த எழுத்துகளை அனுமதிப்பது என்ற வடிகட்டியிலும் தமிழுக்கு ஒரு குழி இருக்கிறது. 'எழுத்துகளும் எண்களும் மட்டும்' என்று யாராவது விதி எழுதினால், யூனிகோட் கணக்கில் ககரம் எழுத்து. ஆனால் அதன் மேல் ஏறும் இகரக் கொக்கியும் புள்ளியும் 'குறி' என்ற வேறு வகையில் சேரும். விதியில் குறிகளையும் சேர்க்காவிட்டால் 'பள்ளி' என்ற பெயரைச் செயலி மறுத்துவிடும், அல்லது 'பளள' என்று உரித்துப்போட்டுவிடும். எல்ஃபைண்டரில் இந்த விதியை நாமே எழுதிக் கொடுக்கலாம். நான் தடைசெய்ய வேண்டியவற்றை மட்டும் பட்டியலிட்டேன்: சாய்கோடுகள், கட்டுப்பாட்டுக் குறியீடுகள், புள்ளியில் தொடங்கும் பெயர்கள். மற்றது எல்லாம் வைப்பவர் விருப்பம்.

நீளத்தையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போக முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று. 'கும்பாபிஷேகம்' என்பது கண்ணுக்கு ஏழு எழுத்து. சர்வருக்கு 13 குறியீடுகள், 39 பைட். முழுப் பெயருக்கும் சேர்த்து 85 குறியீடுகள்தான் இடம். டீச்சர் வைக்கும் வாக்கியப் பெயர்கள் இந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். பெயர் நீளமாகும்போது எத்தனை எழுத்து மீதமிருக்கிறது என்று காட்டும் சிறு எண்ணை, பெயர் மாற்றும் பெட்டியின் ஓரத்தில் சேர்த்தேன். 'பிழை' என்ற ஒற்றைச் சொல்லை எறிவதைவிட அது மரியாதையானது.

வரிசைப்படுத்தல் இன்னொரு பெரிய சங்கதி. கணினி குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் 'மறவர்' முதலில் வரும், 'மலர்' பின்னால் வரும். ஏனென்றால் யூனிகோட் பட்டியலில் றகரம் லகரத்துக்கு முன்னால் இருக்கிறது. நம் அகராதியில் லகரம்தான் முன்னால். அதேபோல் 'பக்தி' முதலிலும் 'பகல்' பின்னாலும் வர வேண்டும். குறியீட்டு வரிசையில் புள்ளிக்கு எண் பெரிது என்பதால் தலைகீழாகிவிடும். 'மலர் 10' என்பது 'மலர் 2'-க்கு முன்னால் வந்து நிற்கும். இதையெல்லாம் சரிசெய்ய வலை உலாவிகளிலேயே இன்ட்ல் கொலேட்டர் என்ற வசதி இருக்கிறது. தமிழ் என்று மொழியைச் சொல்லி, எண்களை எண்களாகவே பார் என்று குறிப்பிட்டால் போதும். எல்ஃபைண்டரில் வரிசை விதிகளை நாமே எழுதித் தர இடமிருப்பதால் மொழியைத் தமிழ் என்று நிலைநிறுத்திவிட்டேன். ஆண்டு மலர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. அகர வரிசை தெரிந்த சமூகத்துக்குக் கணினியும் அதைக் காட்டத்தான் வேண்டும்.

பதிவிறக்கும்போது தமிழ்ப் பெயர் சிதையாமல் வருகிறது. வலை உலாவிக்கு யூடிஎஃப்-8 பெயரைத் தனியாகக் குறித்து அனுப்பும் முறை ஒன்று 2011-இன் ஆர்எஃப்சி 6266 என்ற இணைய விதி ஆவணத்தில் வகுக்கப்பட்டது. எல்ஃபைண்டர் அதைப் பின்பற்றுகிறது. அண்மையில் எழுதப்பட்ட சில செயலிகளில்கூட இது விடுபட்டு, கீழே இறங்கும் கோப்பு வெறும் அடிக்கோடுகளாக வந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழில் தட்டெழுத உதவும் முரசு அஞ்சலும் செல்லினமும் பிறந்த நாட்டில், முத்து நெடுமாறன் போன்றவர்கள் தமிழைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஏற்றிவைத்த பிறகும், ஒரு கோப்பின் பெயர் தமிழில் இறங்கவில்லை என்றால் அந்தச் செயலியை எழுதியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்ஃபைண்டர் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளம் வைக்கிறது. அது வேறொன்றுமில்லை, கோப்பின் பாதையை, எதையும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றும் பேஸ்64 முறையில் எழுதி, முன்னால் சேமிப்புத் தொகுதியின் குறியை ஒட்டியது. பார்க்க மறைபொருள் மாதிரி இருந்தாலும் யார் வேண்டுமானாலும் திருப்பி வாசிக்கலாம். முக்கியமானது என்னவென்றால், பெயரை மாற்றினாலோ வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலோ அடையாளமும் மாறிவிடும். பள்ளியின் தளத்தில் 'கூட்டக் குறிப்புகள்' பக்கம் இந்தக் கோப்புகளைச் சுட்டுகிறது. அந்த அடையாளத்தைத் தரவுத்தளத்தில் சேமித்து நம்பியிருந்தால், கிராணி ஒரு கோப்புறையின் பெயரைத் திருத்திய மறுகணம் பக்கத்தின் இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் தரவுத்தளத்தில் மாறாத எண் ஒன்று கொடுத்தேன். பெயர் மாற்றம், வெட்டி ஒட்டுதல், நீக்கம் ஆகியவற்றுக்குப் பின் எது போயிற்று, எது வந்தது என்று இணைப்பான் சொல்லும் விவரத்தைப் பிடித்து அந்த அட்டவணையைப் புதுப்பிக்கிறேன். எல்ஃபைண்டரை உங்கள் செயலியோடு பிணைப்பவர்கள் முதல் வாரமே இதைச் செய்துவிடுங்கள். பின்னால் செய்வது மிகவும் கடினம்.

பாதுகாப்பு விஷயத்தில் இந்த மென்பொருளின் வரலாற்றை மறைக்க நான் விரும்பவில்லை. 2.1.48-க்கு முந்தைய பதிப்புகளில், படத்தைச் சுழற்றும் வசதி வழியாகச் சர்வரில் கட்டளை ஓட்ட முடிந்தது. 2019-இல் அது வெளிப்பட்டது. 2020 செப்டம்பரில், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டிருந்த ஒரு வேர்ட்பிரஸ் கோப்பு மேலாண்மை நீட்சி தாக்கப்பட்டது. எல்ஃபைண்டரோடு வரும் மாதிரி இணைப்பான், நேரடியாக ஓடாதபடி வேறு பின்னொட்டோடு வருகிறது. அந்த நீட்சியில் பின்னொட்டை மாற்றி, உள்நுழைவுச் சோதனை எதுவுமில்லாமல் யாரும் அழைக்கும் இடத்தில் வைத்திருந்தார்கள். 2021-இல் மேலும் பல ஓட்டைகள் கண்டறியப்பட்டு 2.1.59 பதிப்பில் அடைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று ஜிப் கட்டும் வசதியில் இருந்தது.

இதைப் படித்துவிட்டு ஓடிவிட வேண்டாம். கோப்பு உலாவி என்பது சர்வரின் வட்டில் எழுதவும் அழிக்கவும் உரிமை பெற்ற கருவி. எதைத் தேர்ந்தாலும் இந்த ஆபத்து கூடவே வரும். நான் செய்தவற்றைச் சொல்கிறேன். மாதிரி இணைப்பானை அப்படியே பயன்படுத்தவில்லை. செயலியின் உள்நுழைவைத் தாண்டாமல் இணைப்பானின் ஒரு வரிகூட ஓடாது. கோப்புகள் வலைத்தளக் கோப்புறைக்கு வெளியே இருக்கின்றன. முகவரியைத் தட்டி யாரும் நேரே எடுக்க முடியாது, இணைப்பான்தான் எடுத்துத் தரும். ஏற்ற அனுமதி படம், பிடிஎஃப், அலுவலகக் கோப்புகள் ஆகியவற்றுக்கு மட்டும். ஜிப் கட்டுவதும் பிரிப்பதும், படத்தைத் திருத்துவதும், வெளி முகவரியிலிருந்து இழுப்பதும் முடக்கப்பட்டுவிட்டன. பள்ளிக்கு அவை தேவைப்படவில்லை. யுபிஎஸ்ஆர் முடிவுகள் உள்ள கோப்புறை தலைமையாசிரியர் தவிர மற்றவர் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் விளையாட்டுப் பொருள் அல்ல. கோப்புறைவாரியாகப் படிக்க, எழுத, பூட்ட, மறைக்க என்று உரிமைகளைப் பிரித்துத் தரும் முறை எல்ஃபைண்டரில் தெளிவாக இருக்கிறது. இதில் அதற்கு முழு மதிப்பெண் தருவேன்.

குப்பைத் தொட்டி இருக்கிறது. அமைப்பில் இணைத்தால்தான் வேலை செய்யும். இணைக்காவிட்டால் நீக்கியது போனது போனதுதான். ஆவணக் காப்பகத்தில் குப்பைத் தொட்டி இல்லாமல் எல்ஃபைண்டரைத் திறந்துவிடுவது பொறுப்பற்ற செயல். பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக ஏற்றுவதும் நன்றாக நடக்கிறது. பிஎச்பியின் இயல்பிருப்பில் ஒரு கோப்புக்கு 2 மெகாபைட்தான் வரம்பு. ஹோஸ்டிங் நிறுவனத்தை நச்சரிக்காமலே ஆண்டு மலரின் பெரிய பிடிஎஃப்கள் ஏறிவிட்டன. கைப்பேசியில் ஓடுகிறது, ஆனால் சுகமில்லை. விரலால் நீண்டு அழுத்தித் தேர்வதும் இழுப்பதும் முதியவர்களுக்குத் தொல்லை. செயலாளர் கைப்பேசியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

எங்கே எல்ஃபைண்டர் வேண்டாம் என்பேன்? ஒரு கோப்புறைக்குள் பல்லாயிரம் கோப்புகள் இருக்கும் இடத்தில். அது கோப்புறையில் உள்ள அனைத்தையும் ஒரே பதிலில் கொண்டுவந்துவிடும். பக்கம் பக்கமாகக் கேட்கும் முறை இல்லை. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் எடுத்த படங்களை எல்லாம் ஒரே கோப்புறையில் கொட்டினால் திணறும். ஆண்டுவாரியாக, நிகழ்ச்சிவாரியாகப் பிரித்தால் பிரச்சினை இல்லை. அமேசானின் எஸ்3 போன்ற மேகச் சேமிப்பை நம்பி இருப்பவர்களும் யோசிக்க வேண்டும். மலேசியாவில் அமேசானின் தரவு மையப் பகுதி 2024-இல் திறந்த பிறகு பல நிறுவனங்கள் அந்தப் பக்கம் போகின்றன. எஸ்3-இன் வழக்கமான சேமிப்பு வகையில் கோப்புறை என்று ஒன்று உண்மையில் இல்லை. நீண்ட பெயர்களில் சாய்கோட்டைப் பார்த்து நாம் கோப்புறையாகக் காட்டுகிறோம். ஒருமுறை கேட்டால் அதிகபட்சம் 1,000 பெயர்கள்தான் வரும். 'பெயர் மாற்று' என்ற செயலே அங்கே கிடையாது; புதிய பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிக்க வேண்டும். ஆயிரம் படங்கள் உள்ள கோப்புறைக்குப் பெயர் மாற்றினால் ஆயிரம் நகல்கள். வட்டில் இருக்கும் கோப்புகளை மனத்தில் வைத்து எழுதிய எல்ஃபைண்டரின் போக்குக்கு இது ஒத்துவராது. அங்கே தரவுத்தளத்தில் கோப்புறை மரத்தை வைத்துக்கொண்டு, புதிதாகவே இடைமுகம் எழுதுவதுதான் நல்லது.

தனிச் சர்வர் வைத்திருப்பவர்கள் கோ மொழியில் எழுதப்பட்ட ஃபைல் பிரவுசரையும் பார்க்கலாம். ஒரே நிரல்கோப்பு, நிறுவுவது எளிது, முகம் புதியது. ஆனால் அது தனித்து நிற்கும் கருவி. நம் செயலியின் ஒரு மூலையில் பொருத்துவதற்கு எல்ஃபைண்டர் அளவுக்கு வசதிப்படவில்லை. 2016-இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்த நெக்ஸ்ட்கிளவுட், நாள்காட்டி முதல் உரையாடல் வரை எல்லாம் உள்ள பெரிய அமைப்பு. அலுவலகம் முழுவதற்கும் வேண்டுமென்றால் அதை அமைக்கலாம். பள்ளிக் காப்பகத்துக்கு அது சுமை.

எனக்கு எல்ஃபைண்டரில் இன்னும் வேண்டியிருப்பது, யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று வரியாகக் காட்டும் வரலாறு. கணக்கு அனுப்பும் நேரத்தில் வாரியச் செயலாளர் முதலில் கேட்பது அதைத்தான். இப்போது செயல்களின் பின் ஓடும் என் நிரலே பெயரும் நேரமும் எழுதிவைக்கிறது. அதைப் படிக்கத் தனிப் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். டீச்சருக்கும் அந்தப் பக்கம் பிடித்திருக்கிறது. தான் எழுதிவைத்த பெயரை வேறு யாராவது மாற்றியிருந்தால் உடனே கிராணியிடம் போய்க் கேட்டுவிடுகிறார்.

மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று வாரியங்கள் நினைத்துவிடக் கூடாது. புதிய பதிப்பு வந்தால் ஏற்ற வேண்டும், ஓட்டை அறிவிக்கப்பட்டால் அன்றே அடைக்க வேண்டும், வாராவாரம் நகல் எடுத்து வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகையை வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிக் கூட்டக் குறிப்பில் எழுதிய பிறகே இப்போதெல்லாம் நான் வேலையைத் தொடங்குகிறேன்.